இரவு இரண்டு மணிக்கு வந்த இளைப்பு மாலையிலேயே தொடங்கியிருந்தது

விடுமுறை நாளொன்றின் மாலை ஆறு மணியளவில், ஆண்டுக்கணக்கில் திறக்காமல் கிடந்த அலமாரி ஒன்றை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். மடித்து அடுக்கியிருந்த பழைய போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பத்து நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது, கண்கள் அரித்தன, நெஞ்சைக் கயிற்றால் சுற்றி இறுக்குவது போன்ற உணர்வும் மெல்லிய சீழ்க்கை ஒலியும் சேர்ந்துகொண்டன. ஆஸ்துமாவுக்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த சால்பியூட்டமால் என்ற நிவாரண இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தி உறிஞ்சினேன். கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது. மீதியிருந்த போர்வைகளையும் உதறி மடித்து வைத்துவிட்டு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் பத்து மணிக்குப் படுத்தேன்.

இரண்டு மணிக்கு விழித்தபோது என்னால் ஒரு வாக்கியத்தைக்கூட ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலவில்லை. இன்ஹேலரை நான்கு முறை, ஆறு முறை, எட்டு முறை அழுத்தியும் மாலையில் கிடைத்த நிம்மதி கிடைக்கவில்லை. மாலையில் வேலை செய்த அதே மருந்து இரவில் வேலை செய்யாமல் போனதுதான் இளைப்பைவிட என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. மருத்துவமனையில் ஆக்சிஜனும் நெபுலைசரும் ஸ்டீராய்டும் கொடுத்து, இரண்டு நாள்கள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதில் நான் மறைக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. தடுப்புக்காகத் தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை அந்த இரவுக்கு நான்கு மாதங்கள் முன்பே நானாக நிறுத்தியிருந்தேன். இளைப்பு இல்லை, இருமல் இல்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பிறகு எதற்கு மருந்து என்று எண்ணினேன். மூச்சு சீராக இருப்பதும் மூச்சுக்குழாய் நலமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அப்போது யாரும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுவாரம் நுரையீரல் மருத்துவரைப் பார்க்கச் சென்றபோது அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு வியப்பாக இருந்தது. "இரவு நடந்தது இருக்கட்டும், மாலையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்றார். போர்வைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு மேடுகள் வரைந்தார்: ஒன்று கூர்மையாக உயர்ந்து சீக்கிரம் இறங்குவது, மற்றொன்று சில மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்து நெடுநேரம் நீடிப்பது. "முதல் மேட்டை நீங்கள் பார்த்தீர்கள், மருந்தும் எடுத்தீர்கள். இரண்டாவது மேடு ஏறிக்கொண்டிருந்தபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்" என்றார். அந்தத் தாள் இன்றும் என் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அன்று அவர் விளக்கியவற்றையும் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் கலந்தே இங்கு எழுதுகிறேன்.

முதல் மேட்டுக்குக் காரணம் மாஸ்ட் செல்கள். மூக்கு, மூச்சுக்குழாய், தோல் என்று வெளியுலகைத் தொடும் இடங்களில் எல்லாம் இவை காவல் இருக்கின்றன. 1878-இல் இவற்றுக்குப் பெயரிட்ட ஜெர்மன் ஆய்வாளர் பால் எர்லிக், உள்ளே நிறைந்திருக்கும் துகள்களைக் கண்டு, இவை நன்றாக உண்டு கொழுத்த செல்கள் என்று கருதியே, ஜெர்மன் மொழியில் கொழுக்க வைப்பதைக் குறிக்கும் அந்தப் பெயரை வைத்தார். உண்மையில் அவை உண்ட உணவல்ல, வெளியே கொட்டுவதற்காகச் சேர்த்து வைத்த சரக்கு. ஒவ்வாமை உள்ளவருக்கு இந்தச் செல்களின் மேற்பரப்பில் ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜப்பானிய இணையரான கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா ஆகியோரும், அவர்களிலிருந்து தனியே ஆய்ந்துகொண்டிருந்த சுவீடன் ஆய்வாளர்களும் 1960-களின் பிற்பகுதியில் அடையாளம் கண்ட மூலக்கூறு அது. போர்வையில் இருந்த தூசிப்பூச்சியின் புரதம் வந்து அடுத்தடுத்த இரண்டு ஐஜிஇ மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்துவிட்டால் போதும். சில நிமிடங்களில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் கொட்டப்படுகிறது, தொடர்ந்து லூகோட்ரையீன்களும் புராஸ்டகிளாண்டினும் உருவாகி வெளிவருகின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. இந்தச் சுருக்கத்தைச் சால்பியூட்டமால் தளர்த்திவிடும். மாலை ஆறு மணிக்கு எனக்கு நடந்தது இவ்வளவுதான். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் அது தானாகவே தணிந்துவிடக்கூடியது.

இரண்டாவது மேட்டின் கதை வேறு. மாஸ்ட் செல்களும், மூச்சுக்குழாயில் ஏற்கெனவே தங்கியிருந்த டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களும், உள்ளுறை நிணநீர்ச் செல்களில் இரண்டாம் வகையைச் சேர்ந்தவையும் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-5, இன்டர்லூகின்-13 ஆகிய செய்தி மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. இவற்றில் இன்டர்லூகின்-5 எலும்பு மஜ்ஜைவரை சென்று ஈசினோபில்கள் என்னும் வெள்ளையணுக்களை வரவழைக்கிறது. வந்தவை விரைவில் மடிந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. இன்டர்லூகின்-13 மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள செல்களைச் சளி சுரக்கும் செல்களாக மாற்றுகிறது, தசையை எளிதில் சுருங்கும் நிலைக்குத் தள்ளுகிறது. இவையெல்லாம் கூடிவரச் சுமார் நான்கு முதல் எட்டு மணி நேரம் ஆகிறது; சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கிறது. மாலை ஆறோடு எட்டைக் கூட்டினால் இரவு இரண்டு. அதோடு, உடலில் இயற்கையாகச் சுரந்து வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் இரவில் குறைவாகவே இருக்கும். மூச்சுக்குழாயும் பின்னிரவில்தான் மிகவும் குறுகியிருக்கும். இரண்டும் ஒரே வேளையில் சேர்ந்துகொண்டன.

எட்டு முறை அழுத்தியும் இன்ஹேலர் ஏன் உதவவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நேரத்தில் என் மூச்சுக்குழாயை அடைத்திருந்தது சுருங்கிய தசை மட்டுமல்ல; வீங்கிய சுவரும், கோந்துபோல் கெட்டியான சளியும், அதற்குள் உடைந்து நச்சுப் புரதங்களைச் சிந்திக்கொண்டிருந்த ஈசினோபில்களும்தான். தசையைத் தளர்த்தும் மருந்துக்கு வீக்கத்தின் மேலும் சளியின் மேலும் அதிகாரம் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களின் சளியில் ஊசிபோன்ற படிகங்கள் இருப்பதை 1872-இல் ஜெர்மன் மருத்துவர் லைடன் விவரித்தார். அதற்கு முன்பே பிரெஞ்சு மருத்துவர் சார்கோவும் அத்தகைய படிகங்களைப் பார்த்திருந்தார். அவை ஈசினோபில்களிலிருந்து வெளிவந்த புரதம் கெட்டிப்பட்டு உருவானவை என்பது பின்னால் தெரிய வந்தது. ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்பதால் ஈசினோபிலுக்கு அந்தப் பெயர் வந்தது; அதுவும் எர்லிக் வைத்ததுதான், 1879-இல்.

இதைப் புரிந்துகொண்டதும் நான் செய்த முதல் மாற்றம், நாட்குறிப்பு எழுதும் முறையை மாற்றியது. அதற்கு முன்பும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்; ஆனால் இளைப்பு வந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மட்டுமே எழுதியதால், "தூங்கிக்கொண்டிருந்தேன்" என்ற ஒரே பதில்தான் பக்கம் பக்கமாகக் கிடைத்தது. பிறகு இளைப்பு வந்த நேரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பின்னோக்கிச் சென்று, எங்கே இருந்தேன், எதைக் கிளறினேன், யாருக்குச் சளி பிடித்திருந்தது என்று எழுதத் தொடங்கினேன். ஆறே வாரங்களில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. படுக்கை விரிப்பை மாற்றிய நாள்கள், தரைவிரிப்பைத் தட்டிய நாள்கள் ஆகியவற்றைத் தொடர்ந்த இரவுகளில்தான் என் தூக்கம் கெட்டது. அந்த வேலைகளைச் செய்தபோது பல முறை ஒரு தும்மல்கூட வந்திருக்கவில்லை. முதல் மேடு இல்லாமலே இரண்டாவது மேடு மட்டும் வரலாம் என்று மருத்துவர் பின்னர் உறுதிப்படுத்தினார். உடனே ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து ஒரு பொருளுக்கு நற்சான்று கொடுக்கும் வழக்கத்தை நான் அன்றோடு விட்டேன்.

தூசிப்பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பல ஆண்டுகள் தவறான இடத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அது நம்மைக் கடிப்பதில்லை. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. அதன் கழிவில் உள்ள புரதம்தான் தொல்லை தருகிறது. அந்தக் கழிவுத் துகள்கள் கனமானவை. கிளறும்போது காற்றில் எழுந்து சிறிது நேரத்தில் படிந்துவிடும். ஆகவே அறையின் காற்றைவிட, முகத்தை எட்டு மணி நேரம் புதைத்துக்கொள்ளும் தலையணையே எனக்கு முக்கியமானது. விரிப்புகளையும் உறைகளையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்கிறோம். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த மூடுறை போட்டிருக்கிறோம். தட்டி உதறும் வேலையை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைக்கிறோம். ஆனால் இவற்றில் ஏதோ ஒன்றை மட்டும் செய்தால் பெரிய பலன் இராது என்பதையும், இவற்றில் எதுவும் மருந்துக்கு மாற்றாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூடுறை வாங்கிய மகிழ்ச்சியில் மருந்தை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

தூசிப்பூச்சியின் புரதங்களில் சில, மற்றப் புரதங்களை வெட்டும் நொதிகள் என்பது நான் படித்தவற்றில் என்னை மிகவும் பாதித்த செய்தி. மூச்சுக்குழாயின் உட்சுவரில் செல்களை ஒன்றோடொன்று தைத்துவைத்திருக்கும் இணைப்புகளை அவை அறுக்கின்றன. காயம்பட்ட உட்சுவர் டி.எஸ்.எல்.பி., இன்டர்லூகின்-25, இன்டர்லூகின்-33 ஆகிய அபாய அறிவிப்புகளை விடுக்கிறது. அவற்றைக் கேட்டு டெண்ட்ரிடிக் செல்கள் அந்தப் புரதத் துண்டை நிணநீர் முடிச்சுக்கு எடுத்துச் சென்று டி செல்களுக்குக் காட்டுகின்றன. அந்த டி செல்கள் பி செல்களை ஐஜிஇ தயாரிக்கச் சொல்கின்றன. இவ்வளவும் முடிந்தபின் ஒரு பகுதி டி செல்கள் நினைவுச் செல்களாக மூச்சுக்குழாய்ச் சுவரிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கின்றன. நான் மருந்தை நிறுத்தி நலமாக இருந்ததாக நினைத்த நான்கு மாதங்களிலும் அவை அங்கேதான் இருந்தன. ஸ்டீராய்டு இன்ஹேலர் அவற்றை அடக்கி வைக்கிறது, அழித்துவிடுவதில்லை. செய்தி மூலக்கூறுகளை உருவாக்கும் மரபணுக்களின் செயல்பாட்டைக் குறைப்பதும், ஈசினோபில்கள் சீக்கிரம் மடியும்படி செய்வதும் அதன் வேலை. அந்த வேலைக்கு நாள்களும் வாரங்களும் தேவை. நிறுத்தினால் சில வாரங்களில் வீக்கம் மீண்டும் தலைதூக்குகிறது, பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கும் அச்சம் இருந்தது. அதை அறியாமை என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. ஆனால் கணக்கைப் பார்த்தேன். என் தடுப்பு இன்ஹேலரில் ஒரு முறைக்கு 200 மைக்ரோகிராம் மருந்து இருந்தது. அந்த இரவுக்குப் பின் எனக்கு ஐந்து நாள்கள் கொடுத்த மாத்திரை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்பதால் எடையை மட்டும் வைத்து நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆயினும் நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்லும் சிறு அளவைக் கண்டு பயந்து, உடல் முழுவதும் பரவும் பெரிய அளவை நானே வரவழைத்துக்கொண்டேன் என்பது புரிந்தது. இன்ஹேலர் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் பூஞ்சை படர்வதும் குரல் கம்முவதும் பெருமளவு குறையும்.

எடுக்கும் முறையிலும் எனக்குப் பிழை இருந்தது. அழுத்தி உறிஞ்சும் வகை இன்ஹேலரை நான் வேகமாக, ஒரே இழுப்பில் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே மோதி நின்றது. நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, நான்கைந்து விநாடிகள் மெதுவாக இழுத்து, பத்து விநாடிகள் அடக்கி வைக்க வேண்டும். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழல் இருந்தால் இன்னும் நல்லது. உலர்பொடி வகைக்கு இது நேர்மாறு: அதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இரண்டு வகையும் ஒருவரிடமே இருந்தால் குழப்பம் நிச்சயம். செவிலியர் ஒருவர் முன்னால் எடுத்துக் காட்டித் திருத்திக்கொள்ளும்வரை, ஆறு ஆண்டுகள் அந்தத் தவற்றையே செய்துகொண்டிருந்தேன்.

பரிசோதனைகளின் வழியாகவும் சில பாடங்கள் கிடைத்தன. மருத்துவமனையில் மூன்றாம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒவ்வாமையே இல்லை என்று முடிவுகட்ட இருந்தேன். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் ஈசினோபில்களை மறையச் செய்துவிடும் என்று மருத்துவர் விளக்கி, மாத்திரைகளை முடித்துச் சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுக்கச் சொன்னார். அப்போது ஒரு மைக்ரோலிட்டரில் 520 இருந்தது. 300-க்கு மேல் இருந்தாலே ஈசினோபில் வகை வீக்கம் இருக்கக்கூடும் என்று கருதுவார்கள். மூச்சில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடையும் அளந்தார்கள். மூச்சுக்குழாயின் உட்சுவர் இன்டர்லூகின்-13-இன் தூண்டுதலால் உண்டாக்கும் வாயு அது. பெரியவர்களுக்கு நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் இருந்தால் இந்த வகை வீக்கம் தீவிரமாக இருப்பதாகக் கொள்கிறார்கள். தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை என் அவசரத்தால் முதல் முறை வீணானது. முந்தைய நாள் தும்மலுக்காக ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை போட்டிருந்ததால், ஒப்பீட்டுக்காக வைத்த ஹிஸ்டமின் துளிகூடத் தடிப்பை எழுப்பவில்லை. அந்த மாத்திரைகளைச் சோதனைக்குப் பல நாள்கள் முன்பே நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்தைப் பொறுத்தது, முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா ஆஸ்துமாவும் இந்த வழியில் வருவதில்லை. சிலருக்கு மூச்சுக்குழாயில் நியூட்ரோபில்கள் என்னும் வேறு வகை வெள்ளையணுக்கள் மிகுந்திருக்கும். புகைப்பவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது, ஸ்டீராய்டுக்கும் குறைவாகவே கட்டுப்படுகிறது. அதேபோல, ஈசினோபிலை மட்டும் குற்றவாளியாக்குவதும் சரியல்ல. இன்டர்லூகின்-5-ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் ஊசியை இலேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. ஈசினோபில்கள் குறைந்தன, ஆனால் நான் மேலே சொன்ன இரண்டாவது மேடு குறையவில்லை. பலரும் அந்த மருந்தை மறந்துவிடத் தயாரானார்கள். பிறகு, ஈசினோபில் மிகுந்து அடிக்கடி கடும் தாக்குதலுக்கு ஆளாகிறவர்களை மட்டும் தேர்ந்து சோதித்தபோது தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்ததை 2009-இல் வந்த ஆய்வுகள் காட்டின. 2015-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஐஜிஇயைத் தடுக்கும் ஓமலிசுமாப் 2003-இலேயே வந்துவிட்டது. உட்சுவரின் அபாய அறிவிப்பான டி.எஸ்.எல்.பி.யைத் தடுக்கும் டெஸெபெலுமாப் 2021-இல் வந்தது. எனக்கு இவை தேவைப்படவில்லை. இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் கட்டுப்படாத கடுமையான ஆஸ்துமாவுக்கானவை அவை. யாருக்கு எந்தச் செல் முன்னணியில் நிற்கிறது என்று அளந்து பார்க்காமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால் நல்ல மருந்தும் தோற்றதுபோல் தெரியும் என்பதற்காகவே இந்த வரலாற்றைச் சொன்னேன்.

தூசிக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுவது சாதாரண ஜலதோஷத்தை. ஒவ்வாமை வீக்கம் ஏற்கெனவே உள்ள மூச்சுக்குழாயில் ரைனோ வைரஸ் நுழைந்தால் இளைப்பு பன்மடங்காகக்கூடும். எனவே மூக்கு ஒழுகத் தொடங்கிய அன்றே, மருத்துவர் எழுதித் தந்த செயல் திட்டத்தின்படி தடுப்பு மருந்தின் அளவைக் கூட்டுகிறேன். காலையும் இரவும், மூச்சை வெளிவிடும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ கருவியில் ஊதிக் குறித்துக்கொள்கிறேன். என்னுடைய சிறந்த அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், அல்லது பேச்சு துண்டுபட்டால், உதடு நீலம் பாய்ந்தால், நிவாரண இன்ஹேலர் கைகொடுக்காமல் போனால், காத்திருக்காமல் மருத்துவமனை. சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பு 2019 முதல், பதின்பருவத்தினரும் பெரியவர்களும் சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று சொல்லி வருகிறது. நான் அந்த நான்கு மாதங்களும் அப்படித்தான் இருந்தேன். இப்போது என் நிவாரண இன்ஹேலரிலேயே சிறிதளவு ஸ்டீராய்டும், தசையைத் தளர்த்தும் ஃபோர்மோடெராலும் சேர்ந்திருக்கின்றன. தசை தளரும்போதே வீக்கத்துக்கும் மருந்து போய்ச் சேர்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரிடம் இந்தக் கோணத்திலேயே கேட்கலாம்: "இந்த மருந்து தசைக்கா, வீக்கத்துக்கா?"

சென்ற மாதம் அதே அலமாரியைக் காலி செய்ய வேண்டி வந்தது. உதறும் வேலையை வீட்டில் மற்றொருவர் ஏற்றுக்கொண்டார். நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். போர்வைகள் நேரே வெந்நீருக்குப் போயின. இரவு பத்து மணிக்கு ஊதியபோது பீக் ஃப்ளோ 430. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மறுபடியும் ஊதினேன், 420. நாட்குறிப்பில் இரண்டு எண்களையும் எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.